ஸ்வரக் குறிப்பை எழுத்து வழியே அச்சுக்கோத்தல்

பெங்களூரு நகரில் கர்நாடக ஸங்கீதம் பயிலும் மாணவர்கள் யாவரும் ஒரே லிபியில் படிப்பவர்கள் அல்லர். மல்லேஸ்வரத்திலோ அல்சூரிலோ ஒரு வகுப்பில் பத்துக் குழந்தைகள் அமர்ந்தால், கன்னடம் படிப்போர் சிலர், தமிழ் படிப்போர் சிலர், தெலுங்கு படிப்போர் சிலர், ஆங்கிலத்தைத் தவிர வேறு லிபி அறியாதோர் சிலர் என அமைவது இயல்பு. ஆசிரியரின் குறிப்பேட்டிலுள்ள ஸ்வரக் குறிப்போ ஒரே லிபியில் இருக்கும். அதை ஒருவர் பார்த்து எழுத, அவர் எழுதியதை இன்னொருவர் படியெடுக்க, அப்படியின் நிழற்படம் கைமாறிச் செல்ல, எங்கோ ஓரிடத்தில் ஸ்வரத்தின் மேலிருந்த புள்ளி ஒன்று நழுவிவிடுகிறது. புள்ளி நழுவிய இடத்தில் தார ஸ்தாயி ஷட்ஜம் மத்திய ஸ்தாயி ஷட்ஜமாகிவிடும். அதைப் படிக்கும் மாணவன் பிழை செய்தவன் ஆகமாட்டான். அவன் கையில் கிடைத்த தாளே பிழையானது.

இதே நகரில் மேனாட்டு முறையான ஐந்து கோட்டுக் குறிப்பும் வழங்கி வருகிறது. 1905-ஆம் ஆண்டில் தோன்றிய பெங்களூர் காயன ஸமாஜம் ஒருபுறம் கர்நாடக ஸங்கீதத்தை வளர்த்து வர, 1987-இல் நிறுவப்பட்ட பெங்களூர் ஸ்கூல் ஆஃப் மியூஸிக் மேனாட்டு இசையைக் கற்பிக்கிறது. தேவாலயப் பாடற்குழுக்களும், அல்சூர் ஏரியை அடுத்துள்ள மதராஸ் ஸாப்பர்ஸ் படையினரின் வாத்தியக் குழுவும் கோட்டுக் குறிப்பைப் பார்த்தே வாசிப்பன. ஒரு சாரார் எழுதியதை மறு சாரார் படிக்க இயலாத நிலை நெடுங்காலமாக இருந்து வருகிறது.

இவ்விரு இடர்களுக்கும் பரிகாரமாக அமையக்கூடிய ஒரு முறையை இக்கட்டுரை விளக்குகிறது. இசைக் குறிப்பைப் படமாக வரையாமல், சாதாரண எழுத்தாகத் தட்டச்சு செய்துவிட்டு, அவ்வெழுத்தைக் கணிப்பொறி படித்து அச்சுப் பக்கமாக ஆக்கச் செய்வதே அம்முறை. இதற்கெனப் பல மென்பொருள்கள் உள்ளன. நாட்டுப்புற மெட்டுகளுக்கு ஏற்ற எளிய ஏ.பி.ஸி. முறை ஒன்று; டெக்ஸ் அச்சுக்கோப்பு முறையின் வழிவந்த மியூஸிக்ஸ்டெக் மற்றொன்று. பரவலாக வழங்குவதும், விலையின்றிக் கிடைப்பதும், இக்கட்டுரைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டதும் லிலிபாண்ட் என்பதாகும்.

முன்னோர் கண்ட வழிகள்

இசையை அச்சேற்றுவது என்றுமே எளிதாக இருந்ததில்லை. 1501-இல் வெனிஸ் நகரில் பெட்ருச்சி என்பவர் தனித்தனி அச்செழுத்துக்களைக் கொண்டு பல்குரல் இசை நூலை வெளியிட்டபோது, ஒரே தாளை ஒன்றுக்கு மேற்பட்ட முறை அச்சுப்பொறியில் செலுத்த வேண்டியிருந்தது. கோடுகள் ஒரு முறை, ஸ்வரங்கள் ஒரு முறை எனத் தாள் சென்று வரும்போது இம்மியளவு விலகினாலும் ஸ்வரம் வேறு கோட்டில் ஏறிவிடும். பிற்காலத்தில் உலோகத் தகட்டில் ஸ்வரங்களை முத்திரையால் அறைந்து செதுக்கும் தொழில் வளர்ந்தது. அத்தொழிலில் தேர்ச்சி பெறப் பல ஆண்டுகள் பிடித்தன.

நம் நாட்டில் 1890-களில் சென்னையில் சின்னஸ்வாமி முதலியார் கர்நாடகக் கீர்த்தனைகளை ஐந்து கோட்டுக் குறிப்பில் எழுதி வெளியிட்டார். பின்னர் 1904-இல் எட்டயபுரம் வித்யா விலாஸினி அச்சகத்திலிருந்து ஸுப்பராம தீக்ஷிதரின் ஸங்கீத ஸம்ப்ரதாய ப்ரதர்சினி தெலுங்கு லிபியில் வெளிவந்தது. இந்நூலை வெளியிடுமாறு தீக்ஷிதரை ஊக்கியவர்களில் சின்னஸ்வாமி முதலியாரும் ஒருவர். கம்பிதத்துக்கு அலைக்கோடு, ஏற்ற ஜாருவுக்கு ஒரு சாய்கோடு, இறக்க ஜாருவுக்கு எதிர்ச் சாய்கோடு எனக் கமகங்களுக்குத் தனித்தனிக் குறிகள் அதில் இடம்பெற்றன. அந்நூலின் பக்கங்களைப் பார்ப்பவர்களுக்கு அச்சுக்கோப்பாளர் பட்ட பாடு விளங்காமற் போகாது. தமிழ் லிபியில் அதன் முதற் பகுதியைச் சென்னை மியூஸிக் அகாடமி 1961-இல்தான் வெளியிட முடிந்தது. ஒரு லிபியிலிருந்து மற்றொரு லிபிக்கு ஸ்வரக் குறிப்பை மாற்றுவதென்பது அக்காலத்தில் நூல் முழுவதையும் புதிதாகக் கோப்பதற்குச் சமமான வேலை.

லிலிபாண்ட் மென்பொருளை 1996-இல் தொடங்கியவர்கள் நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த ஹான்-வென் நீன்ஹெய்ஸ், யான் நியூவென்ஹெய்சன் என்னும் இருவர். கணிப்பொறியால் அச்சிடப்பட்ட இசைப் பக்கங்கள் உயிரற்றுத் தோன்றுவதன் காரணத்தை அவர்கள் ஆராய முற்பட்டனர். பாஹ் என்னும் ஜெர்மானிய இசைமேதையின் செல்லோ இசைத் தொகுதி, 1950-இல் கையால் செதுக்கப்பட்டு வெளிவந்த பதிப்பையும், பின்னாளில் கணிப்பொறியால் அமைந்த பதிப்பையும் அருகருகே வைத்து ஒப்பிட்டனர். செதுக்குவோர் கையில் மட்டும் இருந்த விதிகளை ஒவ்வொன்றாகக் கண்டறிந்து நிரலில் எழுதினர்.

அவ்விதிகளில் ஒன்றை இங்குக் கூறலாம். இரண்டு அக்ஷரம் நீளும் ஸ்வரத்துக்கு ஓர் அக்ஷர ஸ்வரத்தைப்போல் இருமடங்கு இடம் விடுவதில்லை. காலம் இரட்டிக்கும்தோறும் இடம் ஒரு குறிப்பிட்ட அளவே கூடுகிறது. மேனாட்டு வாத்தியக்காரரின் கண்ணுக்கு இதுவே இதமானது. ஆனால் நம் ஸ்வரக் குறிப்பில் தாளத்தின் அக்ஷரங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நேர் நிற்பதே வசதி. ஆகவே கர்நாடகப் பாடங்களை அமைக்கும்போது, காலத்துக்கு நேர் விகிதத்தில் இடம் விடும் ஏற்பாட்டை லிலிபாண்டில் தெரிந்தெடுத்தல் நலம். அவ்வேற்பாடு அதிலேயே உள்ளது.

பொருளும் தோற்றமும்

இம்முறையின் உயிர்நாடி ஒன்றே. தட்டச்சு செய்பவர் எது ஒலிக்க வேண்டும் என்பதை மட்டும் எழுதுகிறார். எப்படித் தோன்ற வேண்டும் என்பதை நிரல் முடிவு செய்கிறது. மேனாட்டு முறையில் ஒரு ஸ்வரத்தைக் கோமளமாக்கும் குறி, பக்கத்தின் தொடக்கத்தில் ஒருமுறை இடப்பட்டால் பின்னர் ஸ்வரந்தோறும் இடப்படுவதில்லை. எனினும் லிலிபாண்டில் எழுதுபவர், குறி அச்சில் தோன்றினாலும் தோன்றாவிட்டாலும், கோமள ஸ்வரத்தைக் கோமள ஸ்வரமென்றே ஒவ்வொரு முறையும் எழுத வேண்டும். முதலில் இது வீண் வேலையாகத் தோன்றும். பின்னர் சுருதியை மாற்றும்போதோ, லிபியை மாற்றும்போதோ ஒரு ஸ்வரமும் ஐயத்துக்கிடமின்றி நிற்பதைக் கண்டு அதன் பயன் புலப்படும்.

ஸ்வரங்களுக்கு நெதர்லாந்து மொழிப் பெயர்களே இதில் இயல்பாக அமைந்துள்ளன. அவற்றைக் கட்டாயமாகக் கொள்ள வேண்டியதில்லை. யூனிகோட் எழுத்துக்களை இந்நிரல் ஏற்பதால், ஸ, ரி, க, ம, ப, த, நி என்னும் ஏழு பெயர்களுக்கும் உரிய சுருதிகளைக் காட்டும் சிறு பட்டியல் ஒன்றைத் தொடக்கத்தில் சேர்த்துவிட்டால், தமிழ் எழுத்திலேயே பாடத்தை எழுதலாம். பின்சாய்கோட்டுடன் தொடங்கும் கட்டளைச் சொற்கள் மட்டும் ஆங்கிலத்தில் இருக்கும். அவை பத்துப் பன்னிரண்டுக்கு மேல் தேவைப்படா.

ஒரு பாடம்

15-ஆவது மேளமாகிய மாயாமாளவகௌளையில் ஸரளி வரிசை தொடங்குவது வழக்கமாதலால் அதையே எடுத்துக்கொள்வோம். ஷட்ஜத்தை ஒரு கட்டையில், அதாவது மேனாட்டார் ஸி என்னும் சுருதியில், வைத்துக்கொண்டால் சுத்த ரிஷபம் டி கோமளம், அந்தர காந்தாரம் ஈ, சுத்த மத்யமம் எஃப், பஞ்சமம் ஜி, சுத்த தைவதம் ஏ கோமளம், காகலி நிஷாதம் பி ஆகும். பட்டியலில் இவ்வேழையும் குறித்தபின், ஆரோஹணத்தைப் பின்வருமாறு எழுதினால் போதும்:

ஸ4 ரி க ம ப த நி ஸ' |

இதிலுள்ள 4 என்பது கால அளவு. அதை ஓர் அக்ஷரத்துக்கு உரியதாகக் கொள்கிறோம். ஒருமுறை எழுதிய கால அளவு, வேறு அளவு எழுதப்படும் வரை தொடரும். இரண்டாம் காலத்துக்கு 8 என்றும், மூன்றாம் காலத்துக்கு 16 என்றும் எழுத வேண்டும். கடைசி ஸ்வரத்தின் அருகிலுள்ள ஒற்றை மேற்கோள் குறி தார ஸ்தாயியைக் காட்டுகிறது. மந்தர ஸ்தாயிக்குக் காற்புள்ளி இடப்படும். மத்திய ஸ்தாயி ஸ்வரத்துக்குக் குறி ஒன்றும் வேண்டாதபடி, ஸ்தாயியை நிலைநிறுத்தும் கட்டளையை முன்னரே கொடுத்துவிட வேண்டும்.

முடிவிலுள்ள நேர்கோட்டின் பயன் பெரிது. ஆதி தாளத்துக்கு ஆவர்த்தனம் ஒன்றுக்கு 8 அக்ஷரம் என்றும், அது 4, 2, 2 எனப் பிரிவது என்றும் முன்னரே கூறிவிடலாம். அதன்பின் நேர்கோடு வருமிடத்தில் ஆவர்த்தனம் சரியாக நிறைவுறாவிட்டால், எந்த வரியில் எத்தனையாவது எழுத்தில் கணக்குத் தவறியது என்பதை நிரல் தெரிவிக்கும். தாளம் போட்டுக்கொண்டே படியைச் சரிபார்க்கும் ஆசிரியரின் வேலையை இக்கோடு செய்கிறது. அச்சுக்கோப்பில் பழகிய எவரும் இதை விடமாட்டார். ஆவர்த்தனத்துக்கு ஒரு வரி, வரியின் முடிவில் ஒரு கோடு என்ற ஒழுங்கை முதல் நாளிலிருந்தே கைக்கொள்ளுதல் வேண்டும்.

ஸாஹித்யத்தைத் தனியே எழுதலாம். ஒரு சொல்லின் அசைகளுக்கிடையே இரு சிறு கோடுகளை இட்டுப் பிரித்தால், ஒவ்வோர் அசையும் தனக்குரிய ஸ்வரத்தின் கீழ்ச் சென்று அமரும். ஓர் அசை பல ஸ்வரங்களுக்கு நீளுமாயின் அதற்கும் குறி உண்டு. தமிழிலும் கன்னடத்திலும் உயிர்மெய்யும் கூட்டெழுத்தும் சிதையாமல் அச்சாகின்றன. ஒரே மெட்டின் கீழ் ஸாஹித்யத்தை இரண்டு லிபிகளில் இரண்டு வரிகளாகவும் அமைக்கலாம்.

ஐந்து கோடு வேண்டாதவர்கள் கோட்டை மறைத்துவிட்டு, ஸ்வரப் பெயர்களை மட்டும் அச்சிடச் செய்யலாம். பெயர்ப் பட்டியலைக் கன்னடத்தில் கொடுத்தால் பக்கம் கன்னடத்தில் வரும். தெலுங்கில் கொடுத்தால் தெலுங்கில் வரும். மூலம் ஒன்றே. மல்லேஸ்வரத்து வகுப்பிலுள்ள பத்துக் குழந்தைகளுக்கும் அவரவர் லிபியில் தாள் கொடுத்தாலும், ஒரு தாளில் உள்ள ஸ்வரம் மற்றொன்றில் வேறுபட வழியில்லை. மூலத்தில் பிழை இருந்தால் எல்லாத் தாள்களிலும் அப்பிழை இருக்கும் என்பது உண்மையே. ஆயினும் ஓரிடத்தில் திருத்தினால் எல்லாவற்றிலும் திருந்தும்.

புள்ளியும் காற்புள்ளியும்

ஸ்வரக் குறிப்பில் பழகியவர்கள் இம்முறைக்கு வரும்போது மூன்று இடங்களில் இடறுவது திண்ணம்.

நம் குறிப்பில் காற்புள்ளி என்பது ஓர் அக்ஷர நீட்சி. அரைப்புள்ளி என்பது ஈரக்ஷர நீட்சி. லிலிபாண்டிலோ காற்புள்ளி மந்தர ஸ்தாயிக் குறி. பழக்கத்தால் பஞ்சமத்தை அடுத்துக் காற்புள்ளி இட்டால், பஞ்சமம் நீளுவதற்குப் பதிலாக ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிடும். ஆவர்த்தனத்திலும் ஓர் அக்ஷரம் குறையும். நேர்கோட்டை இட்டவர் இப்பிழையை உடனே அறிவார். இடாதவர் வகுப்பில் அறிவார்.

அடுத்தது எண். சுத்த ரிஷபத்தை ரி1 என்று எழுதுவது நம் வழக்கம். லிலிபாண்ட் அந்த 1 என்பதை நான்கு அக்ஷரக் கால அளவாகக் கொள்ளும். ஆகையால் ஸ்வர பேதத்தை ஸ்வரத்தின் அருகில் எழுதாமல், ராகத்துக்குரிய பட்டியலில் எழுத வேண்டும். இதனால் ஒரு நன்மையும் விளைகிறது. பட்டியலை மட்டும் 29-ஆவது மேளமாகிய தீரசங்கராபரணத்துக்கு மாற்றினால், அதே ஸரளி வரிசை அந்த ராகத்தில் அச்சாகும். வரிசைகளைப் பல மேளங்களில் பயிற்றுவிக்கும் ஆசிரியருக்கு இது பெரிய உதவி.

மூன்றாவது இடர் தமிழுக்கே உரியது. தார ஸ்தாயியைக் காட்ட ஸ்வரத்தின் மேல் புள்ளி வைப்பது எல்லா லிபிகளிலும் வழக்கம். தமிழில் மெய்யெழுத்துக்கும் அதே இடத்தில்தான் புள்ளி. ஆகவே தார ஸ்தாயி ஷட்ஜத்தைத் தட்டச்சில் ‘ஸ்’ என்றே பலர் அடித்துவிடுகின்றனர். பாடுபவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஒரு குறையும் தெரியாது. ஆனால் கணிப்பொறிக்கு அது தார ஷட்ஜம் அன்று, உயிர் நீங்கிய மெய். லிபி மாற்றும் கருவி ஒன்றில் அத்தாளை இட்டால் கன்னடத்தில் ஒலி குன்றிய மெய்யெழுத்தாக அது வெளிவரும். ஸ்தாயிக் குறி அழிந்துவிடும். தமிழ்த் தாளிலிருந்து பிறந்த கன்னடத் தாளில் மேல் ஸ்தாயி முழுவதும் காணாமற் போவதற்கு இதுவே காரணம். புள்ளியை எழுத்தின் உறுப்பாக அடிக்காமல், ஸ்தாயியை ஒற்றை மேற்கோள் குறியால் எழுதி, புள்ளி வைக்கும் வேலையை நிரலுக்கு விடுவதால் இவ்விடர் நீங்குகிறது.

கால அளவும் சுருதி மாற்றமும்

குவெம்பு இயற்றிய ‘ஜய பாரத ஜனனிய தனுஜாதே’ என்னும் பாடல் 2004-இல் கர்நாடக மாநிலத்தின் நாடகீதமாயிற்று. பல மெட்டுகளில் பாடப்பட்டு வந்த அதற்கு, மைசூரு அனந்தஸ்வாமி அமைத்த மெட்டையே கொள்ள வேண்டுமென்றும், 2 நிமிடம் 30 வினாடிக்குள் பாட வேண்டுமென்றும் 2022-இல் மாநில அரசு முடிவு செய்தது. மாநிலமெங்கும் உள்ள பள்ளிகள் ஒரே மெட்டை ஒரே காலத்தில் பாட வேண்டுமெனில், பள்ளி ஆசிரியரிடம் காதால் கேட்டது மட்டுமின்றிக் கண்ணால் பார்த்துச் சரிபார்க்க ஏதேனும் ஒன்று இருத்தல் நன்று.

இத்தகைய பாடலின் கால அளவை லிலிபாண்டில் கணக்கிடும் வழி எளிது. 2 நிமிடம் 30 வினாடி என்பது 150 வினாடி. வினாடிக்கு ஓர் அக்ஷரம் என்றால் 150 அக்ஷரம். உதாரணமாக, 8 அக்ஷர ஆவர்த்தனங்களால் ஆன பாடல் ஒன்று 19 ஆவர்த்தனம் நீளுமாயின் 152 அக்ஷரம் ஆகிறது; நிமிடத்துக்கு 60 என்ற வேகத்தில் அது இரண்டு வினாடி மிஞ்சும். வேகத்தைச் சற்றே 61-ஆக உயர்த்தினால் 150 வினாடிக்குள் அடங்கும். வேகத்தை மூலத்தில் எழுதிவிட்டால், அச்சுப் பக்கத்துடன் மிடி என்னும் ஒலிக் கோப்பையும் நிரல் ஆக்கித் தரும். அதை ஓடவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளலாம். ஒரு எச்சரிக்கை: இருமுறை பாட வேண்டிய பகுதிகளை அச்சில் மடக்குக் குறியால் காட்டியிருந்தால், ஒலிக் கோப்பு அவற்றை ஒரு முறையே இசைக்கும். மடக்குகளை விரிக்கும் கட்டளையைச் சேர்க்காமல் அளந்த காலம் பயன்படாது.

பாடுவோரின் சுருதிக்கேற்பப் பக்கத்தை மாற்றுவதும் ஒரே கட்டளையில் முடிகிறது. ஒரு கட்டையில் எழுதியதை ஐந்து கட்டைக்கு ஏற்றலாம். வாத்தியக் குழுக்களுக்கு இதன் பயன் இன்னும் மிகுதி. பி கோமளக் கிளாரினெட் எழுதப்பட்ட ஸ்வரத்தைவிட ஒரு முழுச் சுரம் தாழ்ந்து ஒலிப்பது. ஈ கோமள ஆல்டோ ஸாக்ஸஃபோன் அதைவிடவும் தாழ்ந்து ஒலிப்பது. ஆகவே முன்னதற்கு ஒரு முழுச் சுரம் உயர்த்தியும், பின்னதற்கு ஷட்ஜத்திலிருந்து சதுச்ருதி தைவதம் வரையுள்ள தூரம் உயர்த்தியும் தனித்தனித் தாள்கள் எழுத வேண்டும். கையால் எழுதும்போது ஒரு பாட்டுக்கு ஓர் இரவு வேலை. மூலம் எழுத்தாக இருப்பின், இரண்டு வரிகளைச் சேர்த்தால் இரண்டு தாள்களும் கிடைக்கும்.

எழுத்துக்கு அகப்படாதது

இம்முறையைப் பற்றி மிகையான நம்பிக்கை கொள்வதும் தவறு. மிடி ஒலியைக் கேட்டுப் பாடம் செய்யுமாறு மாணவரிடம் ஒருபோதும் கூறலாகாது. தோடியில் காந்தாரத்தைக் ‘க’ என்று எழுதுகிறோம். பாடகர் குரலில் அது நிலைத்து நிற்பதில்லை. ரிஷபத்தின் பக்கமும் மத்யமத்தின் பக்கமும் அசைந்தாடியே காந்தாரமாகிறது. கணிப்பொறியோ ஹார்மோனியக் கட்டையைப்போல் ஒரே சுருதியில் அதை நீட்டும். அவ்வாறு ஒலிப்பது தோடி அன்று. அக்ஷரக் கணக்கையும் ஸ்தாயியையும் சரிபார்க்க மட்டும் அவ்வொலியைக் கொள்ள வேண்டும்.

கமகக் குறிகளை லிலிபாண்டில் சேர்க்க இயலும். ஜாருவுக்குச் சாய்கோடும் கம்பிதத்துக்கு அலைக்கோடும் ஏற்கெனவே உள்ளன. மற்றவற்றை எழுத்துக் குறிகளாக ஸ்வரத்தின் மேல் ஏற்றலாம். அரபு இசைக்கும் துருக்கிய இசைக்கும் அம்மென்பொருளின் கையேட்டில் தனிப் பகுதிகள் எழுதப்பட்டுள்ளன; அவ்விசைகளை அறிந்தவர்கள் தங்கள் தேவைகளைத் தாங்களே எழுதிச் சேர்த்ததால் அவை அமைந்தன. கர்நாடக இசையின் கமகக் குறிகளுக்கும் அவ்வாறே ஸங்கீதம் அறிந்தவர் ஒருவரும் நிரல் அறிந்தவர் ஒருவரும் சேர்ந்து அமர வேண்டும். பெங்களூரில் இவ்விருவரும் ஒரே தெருவில் வசிப்பது அரிதன்று. ஒரே வீட்டில் வசிப்பதும் உண்டு.

இம்முறையைத் தொடங்க விரும்பும் ஆசிரியர், எழுத்தையும் பக்கத்தையும் அருகருகே காட்டும் ஃப்ரெஸ்கோபால்டி என்னும் துணைக் கருவியையும் நிறுவிக்கொண்டால் வேலை சுலபமாகும். அதுவும் விலையின்றிக் கிடைப்பது. வர்ணத்தில் தொடங்காமல் ஸரளி வரிசையில் தொடங்குக. கோப்பின் முதல் வரியில் லிலிபாண்டின் எப்பதிப்புக்கு எழுதப்பட்டது என்பதைக் குறித்தல் அவசியம். பிற்காலப் பதிப்புகளில் கட்டளைகள் மாறினால், அவ்வரியைப் பார்த்துப் பழைய கோப்பைப் புதுப்பிக்கும் கருவி உடன் தரப்படுகிறது. அச்சிட்ட தாளைக் காப்பதைவிட எழுத்துக் கோப்பைக் காப்பதில் கவனம் வேண்டும். சில பக்கப் பாடம் ஒரு சாதாரணக் கடிதத்தின் அளவே இருக்கும், மின்னஞ்சலிலும் அனுப்பலாம்.

வகுப்புக்கென அச்சிடும் தாளில் வரிக்கும் வரிக்கும் இடையே விரற்கடை அகலம் இடம் விட்டு அச்சிடுவது உசிதம். ஆசிரியர் பாடிக் காட்டும்போது எந்த ஸ்வரம் அசைகிறது, எது வழுக்குகிறது என்பதை மாணவர் பென்ஸிலால் அவ்விடத்தில் குறித்துக்கொள்வர். அடுத்த பாடத்துக்கு முன் அக்குறிகளை ஆசிரியர் பார்த்துத் திருத்த வேண்டும்.